ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலையைக் காட்டினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பகல் முழுக்கப் பூட்டிய வீட்டில் இருப்பது, பனிக்காலம், பேரப்பிள்ளைகளின் பேச்சு புரியாமல் போவது எல்லாம் உள்ளது உள்ளபடி வந்திருந்தது. ஆனால் நடுவில், கிரீன் கார்டு (அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் அட்டை) இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அங்கே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்று ஒரு வரி இருந்தது. அதே வரியை நம்பியதால் நானும் என் மனைவியும் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகன் நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறான். அவன் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியதும் எங்கள் இருவருக்கும் மனுப் போட்டான். குடிமக்களின் பெற்றோருக்கு அண்ணன் தம்பிகளுக்கு இருப்பதுபோல் வருடக்கணக்கில் வரிசை கிடையாது. 2017-ல் கார்டு கைக்கு வந்துவிட்டது. மகளும் என் அம்மாவும் மயிலாடுதுறையில் இருந்ததால் பாதி வருடம் அங்கே, பாதி வருடம் இங்கே என்று போய் வந்துகொண்டிருந்தோம். எடிசனில் சாயங்காலம் நடக்க வரும் நம்மூர்ப் பெரியவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றேதான்: "ஆறு மாசம் தாண்டாம பாத்துக்குங்க சார், ஒண்ணும் ஆகாது."

2020 ஜனவரியில் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது 91. தகவல் வந்த மூன்றாம் நாள் கிளம்பினோம். ஜூன் மாதம் திரும்புவதற்கும் சேர்த்தே மகன் டிக்கெட் எடுத்தான். அந்த டிக்கெட்தான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

மார்ச் கடைசியில் விமானங்களை நிறுத்தினார்கள். மே மாதம் வந்தே பாரத் என்ற பெயரில் அரசு ஏற்பாடு செய்த சிறப்பு விமானங்கள் ஓட ஆரம்பித்தன. உண்மையைச் சொல்ல வேண்டும்: முயற்சி செய்திருந்தால் எங்களுக்கு இடம் கிடைத்திருக்கலாம். அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? படுக்கைப்புண் வந்துவிடக் கூடாதென்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தொற்றுப் பயத்தில் வேலைக்கு ஆளும் வரவில்லை. பகலில் என் மனைவி, இரவில் நான். காலையில் முகம் துடைத்துவிடும்போது அம்மா தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "ஏம்பா, உனக்கு எப்ப ஃபிளைட்டு?" என்னால் இவனுக்கு அங்கே ஏதோ கெட்டுப்போகிறது என்று அந்த வயதிலும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த மாதம் அம்மா, அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மார்கழியில் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடித்து ஜனவரிக்கு டிக்கெட் போட்டால் என் மனைவிக்குக் கொரோனா. அவள் எழுந்து நடமாடுவதற்குள் நாங்கள் அமெரிக்காவை விட்டு வந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. அப்புறம்தான் மகன் ஒரு வக்கீலைக் கேட்டான். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் கார்டை மட்டும் நீட்டி உள்ளே போக முடியாது, ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி வருவதற்கு முன்கூட்டியே வாங்கி வைக்கும் அனுமதி, வேண்டும் என்றார் அவர். சரி, வாங்கிவிடலாம் என்றால், அதற்கு மனுப் போடும்போது ஆள் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டுமாம். இங்கிருந்துகொண்டு கேட்க வழியே இல்லை. மூன்று வருடமாக எங்களோடு நடந்த பெரியவர்களில் ஒருவர்கூட இந்தப் பெர்மிட்டின் பேரைச் சொன்னதில்லை.

மிச்சமிருந்த வழி எஸ்பி-1 என்கிற விசா. திரும்பி வரும் நிரந்தரவாசிகளுக்கென்றே தனியாக இருப்பது. அதற்கு மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: கிளம்பும்போது நாம் நிரந்தரவாசியாக இருந்தோம், திரும்பும் எண்ணத்தோடுதான் கிளம்பினோம், தாமதம் நம் கையை மீறிய காரணத்தால் வந்தது. கட்டணம் 180 டாலர். அது மனுவுக்கு மட்டும். மனு தேறிய பிறகு மருத்துவப் பரிசோதனை, குடியேற்ற விசாவின் கட்டணம், படிவம் எல்லாம் முதலில் இருந்து.

நான் அஞ்சல் அலுவலகத்தில் பழகியவன், எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட மாட்டேன். எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தன. ஜூன் மாத டிக்கெட், அது ரத்தானதாக வந்த மின்னஞ்சலின் நகல், அம்மாவின் எக்ஸ்ரே, மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ், மனைவியின் பரிசோதனை முடிவு. அங்கே வருடா வருடம் கட்டிய வருமான வரிக் கணக்கு, எடிசன் வங்கிக் கணக்கு, நியூஜெர்சி அடையாள அட்டை. நேர்காணலில் அதிகாரி முதலில் கேட்டது திரும்பும் டிக்கெட்டைத்தான். அடுத்தது வரிக் கணக்கு. அங்கே வசிக்கிறவராக அல்லாமல் வசிக்காதவர் என்று போட்டு வரி தாக்கல் செய்திருந்தால் அதுவே நாம் அந்த நாட்டை விட்டுவிட்டோம் என்பதற்குச் சாட்சியாகிவிடும் என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். கடைசியாக, மே மாதத்துக்குப் பிறகு ஏன் வரவில்லை என்றார். அம்மாவைப் புரட்டிப் போட்ட கதையைச் சொன்னேன். மொழிபெயர்த்த பெண் ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். 2022 மார்ச்சில் எடிசன் திரும்பினோம். எங்களுக்குத் தேறியது. எல்லோருக்கும் தேறுவதில்லை.

எங்கள் தெருவிலேயே ஒரு தம்பதி. பதினான்கு மாதம் இங்கே இருந்துவிட்டுப் போனார்கள். அங்கே இறங்கிய விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார வைத்து ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறார்கள். ஐ-407 என்ற படிவம். நிரந்தரக் குடியிருப்பை நானாகவே விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது அது. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய். விமானத்தில் சரியாகச் சாப்பிடவில்லை, கை நடுங்குகிறது. கையெழுத்துப் போட்டால் வெளியே விடுவார்கள் என்று இருவரும் போட்டுவிட்டார்கள். யாரும் அதில் கட்டாயமாகக் கையெழுத்து வாங்க முடியாது. மாட்டேன் என்று சொல்லலாம், குடியேற்ற நீதிபதி முன்னால் விசாரணை கேட்கலாம். அந்த உரிமை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இப்போது அவர்கள் மகள் மறுபடியும் முதலில் இருந்து மனுப் போட்டிருக்கிறாள்.

இந்த ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் விசாரித்தேன். 180 நாளைத் தாண்டி வெளியே இருந்துவிட்டு வந்தால் புதிதாக அனுமதி கேட்டு வருகிறவராக நம்மை நடத்தலாம், துருவிக் கேட்கலாம். குடியுரிமைக்கு மனுப் போடும்போதும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி தொல்லைதான். இதைத்தான் நம் மக்கள் திருப்பிப் போட்டு, ஆறு மாதத்துக்குள் போய்விட்டால் கார்டு பத்திரம் என்று ஆக்கிக்கொண்டார்கள். அப்படி இல்லை. நம் வீடு எங்கே, நாம் எங்கே வாழ்கிறோம் என்பதுதான் அவர்கள் பார்ப்பது. வருடத்தில் பத்து மாதம் மயிலாடுதுறையிலும் இரண்டு மாதம் எடிசனிலுமாக ஐந்து வருடம் போய் வந்தால், ஒரு பயணம்கூட ஆறு மாதத்தைத் தாண்டாவிட்டாலும் அதிகாரி கேட்கலாம்: நீங்கள் இங்கே வாழ்கிறவரா, பார்த்துவிட்டுப் போக வருகிறவரா? பார்த்துவிட்டு வர மட்டும் ஆசைப்படுகிறவர்களுக்குப் பத்து வருட டூரிஸ்ட் விசாவே போதும் என்பது என் எண்ணம். கார்டு வாங்கித் தருவதற்கு முன் அப்பா அம்மாவிடம் பிள்ளைகள் ஒரு தடவை உட்கார்ந்து கேட்க வேண்டும்: நீங்கள் இங்கே வந்து வாழ்வீர்களா? எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களும் யோசிக்கவில்லை.

குடியுரிமை வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அதற்கு ஐந்து வருடம், அதில் பாதி நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு வருட இடைவெளி விழுந்ததால் எங்கள் பழைய வருடங்கள் அந்தக் கணக்கில் அறுந்துவிட்டன. திரும்பிய நாளில் இருந்து நான்கு வருடமும் ஒரு நாளும் ஆன பிறகே மனுப் போட முடியும். 55 வயது கடந்து 15 வருடம் கார்டோடு இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது, கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். எங்களுக்கு அந்தப் 15 வருடம் ஆகவில்லை. என் மனைவி அடுப்படியில் நின்றபடி ஆங்கிலம் எழுதிப் பழகுகிறாள்.

இந்தத் தடவை மகளின் அறுவை சிகிச்சைக்காக வந்திருக்கிறோம். எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாததால் கிளம்புவதற்கு முன்பே எடிசனில் இருந்து ரீ-என்ட்ரி பெர்மிட் கேட்கும் ஐ-131 படிவத்தை அனுப்பினோம். 2024 ஏப்ரலில் அதன் கட்டணத்தை 630 டாலர் ஆக்கினார்கள். சில வாரத்தில் கைரேகை வைக்க வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினோம். பெர்மிட் பாஸ்போர்ட் போலவே ஒரு சின்னப் புத்தகம், இரண்டு வருடம் செல்லும், நீட்டிக்க முடியாது. அதுவும் மஞ்சள் பையில்தான் இருக்கிறது, அம்மாவின் எக்ஸ்ரேக்குப் பக்கத்தில்.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இதுதான். அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். ரீ-என்ட்ரி பெர்மிட்டைக் கிளம்புவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதையும், ஐ-407 என்ன காகிதம் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் கிளம்புகிறவர்கள் இப்போதே டிக்கெட் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் போவதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மயிலாடுதுறை
(பெயர் வெளியிட வேண்டாம்)