பாட்டு வந்துவிடுமோ என்ற பயம்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்து, மூன்று தடவையும் எழுந்து போய்விட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உன் வழக்கை எடுத்துக்கொள்வோம்.

பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று ஒரு வரி. பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றிவிட்டார் என்று ஒரு வரி. மீதி நாலு பக்கமும், ஸ்டார் ட்ரெக் விண்வெளித் தொடரில் கப்பல்காரர்களையெல்லாம் பாட வைத்துவிட்டார்கள் என்று திட்டியிருக்கிறாய். அதன் கிளைத் தொடரான ‘ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்’ இரண்டாவது சீசனின் ஒன்பதாவது எபிசோட், 2023 ஆகஸ்டில் வந்த ‘சப்ஸ்பேஸ் ராப்சொடி’. ஊரே அடித்துக்கொண்டு ஓய்ந்த சண்டையை நீ இப்போதுதான் தூசி தட்டி எடுத்திருக்கிறாய். போகட்டும், எனக்கும் இதைப் பற்றிப் பேச ஆள் வேண்டியிருந்தது.

நான் முதல் தடவை பார்த்தது மகளோடும் மாப்பிள்ளையோடும். பத்தாவது நிமிடமே வீடு இரண்டு கட்சி ஆகிவிட்டது. மாப்பிள்ளை உன் கட்சி. “கப்பல் எஞ்சினை விளக்கும்போது அத்தனை கணக்குப் பார்க்கிறவர்கள், ஆள் திடீரென்று பாடுவதற்கு மட்டும் இப்படி ஒரு சாக்கா?” என்று கேட்டார். கதை இது: சப்ஸ்பேஸ் என்று அவர்கள் கற்பனை செய்த, வெளிக்கு அடியிலுள்ள தளத்தில் இயற்கையாகவே உண்டான ஒரு மடிப்பு. அதன் வழியாகச் செய்தி அனுப்ப முடியுமா என்று பார்க்கிறார்கள். சாதாரண சிக்னலுக்கு அது அசையவில்லை. இசையை அனுப்பிப் பார் என்று கப்பல் எஞ்சினியர் பெலியா யோசனை சொல்ல, தகவல் தொடர்பு அதிகாரி உஹுரா கோல் போர்ட்டரின் 1934ஆம் வருஷத்துப் பாட்டு ஒன்றை அனுப்புகிறாள். உடனே கப்பலில் எல்லோரும் பாட ஆரம்பித்துவிடுகிறார்கள். இதை இயற்பியல் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் ஒன்றைக் கவனித்தாயா? உஹுரா அனுப்பியது வெறும் பாட்டு இல்லை, மேடை இசை நாடகத்துக்காக எழுதிய பாட்டு. அனுப்பியது எதுவோ அதே மாதிரிதான் திரும்பி வந்தது. இந்தத் தொடரில் இதைவிட மோசமான விஞ்ஞானத்தையெல்லாம் நீயும் நானும் வாயைத் திறக்காமல் விழுங்கியிருக்கிறோம்.

அப்புறம், நமக்கு இதில் என்ன கூச்சம்? படத்தில் ஒருவன் பாடினால் ஏன் பாடுகிறான் என்று நாம் என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? வாத்தியக்காரர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடியிருக்கிறோமா? பாட்டுக்குக் காரணம் கேட்பது அந்த ஊர் ரசிகனின் பழக்கம். அவனுக்காகத்தான் மடிப்பு, புலம் என்று மெனக்கெட்டிருக்கிறார்கள். நீயும் சேர்ந்துகொண்டு காரணம் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

“ஸ்டார் ட்ரெக்கில் பாட்டா?” என்று நீ குதிப்பதும் கொஞ்சம் அதிகம். முதல் தொடரில் 1966இல் வந்த ‘சார்லி எக்ஸ்’ எபிசோட் உனக்கு மறந்துவிட்டதா? உணர்ச்சியைக் காட்டாத வல்கன் இனத்து ஸ்போக் தன் யாழை மீட்ட, அந்தத் தொடரின் உஹுரா அவனைக் கிண்டல் செய்து பாடுவாள். அந்த நிஷெல் நிக்கல்ஸ் நடிக்க வருவதற்கு முன்பே ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். பின்னால் வந்த வாயேஜர் தொடரில் அந்த ஹாலோகிராம் டாக்டர் ஆப்பரா பாடியே பெயர் வாங்கினார். டீப் ஸ்பேஸ் நைன் தொடரில் விண்வெளி நிலையத்தின் தலைவர் சிஸ்கோவே மைக் பிடித்தார். ஒரு வித்தியாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அவர்களெல்லாம் பாட வேண்டும் என்று நினைத்துப் பாடினார்கள். இங்கே பாட்டு ஆளைப் பிடித்துக்கொள்கிறது, தும்மல் மாதிரி. கேப்டன் பைக் நிலவரம் கேட்கிறார். பதில் சொல்ல வாயெடுத்த ஸ்போக், தான் பாடிக்கொண்டிருக்கிறோம் என்ற செய்தியையும் ராகத்தோடேயே ரிப்போர்ட் செய்கிறான். ஸ்போக்கின் அந்த முகத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

என் மகள் எதிர்க்கட்சி. அவள் ‘பஃபி’ என்ற பேய் வேட்டைத் தொடரைப் பார்த்து வளர்ந்தவள். 2001 நவம்பரில் அதில் வந்த இசை எபிசோடைக் கொண்டுவந்து வைத்தாள். அங்கே ஒரு பேய் ஊரையே பாட வைக்கிறது. பாடும்போது யாராலும் எதையும் மறைக்க முடிவதில்லை. சாவிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நண்பர்களிடம், நீங்கள் என்னைச் சொர்க்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று பஃபி பாட்டில்தான் உடைக்கிறாள். அந்த சீசன் முழுக்க அந்த ஒரு பாட்டின் வடு இருந்தது. “இதுதான்பா அளவுகோல்! பாட்டு முடிந்த பிறகு ஏதாவது மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் அது வெறும் கச்சேரி” என்றாள். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதையே வைத்து இரண்டாம் தடவை தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் தோற்றதைச் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். கிளிங்கான்கள், போரே வாழ்க்கை என்றிருக்கிற அந்த வேற்றுக்கிரக இனம். பாய் பேண்ட் மாதிரி வரிசை கட்டி ஆடிய அந்தச் சில விநாடிகள் எனக்கும் பிடிக்கவில்லை. கிளிங்கானுக்கென்று ஆப்பரா இருக்கிறது. கிளிங்கான் அதிகாரி வோர்ஃப் அதைக் கேட்டு உருகுவதை 1990களிலேயே காட்டிவிட்டார்கள். கைக்குள் இருந்ததை விட்டுவிட்டுச் சிரிப்புக்காக வேறெதையோ எடுத்தார்கள். அந்தக் கிளிங்கான் தளபதியாக வந்தது யார் தெரியுமா? முதல் சீசனில் எஞ்சினியர் ஹெம்மராக நடித்து நம்மை அழவைத்த புரூஸ் ஹோராக். உஹுராவுக்கு வழிகாட்டியாக இருந்து செத்துப்போனவர், அவள் பாட்டுக் குழப்பத்தைத் தீர்க்கிற எபிசோடில் வேறு முகத்தோடு வருகிறார். திட்டமிட்டார்களோ இல்லையோ, எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

துணைக் கேப்டன் ஊனாவின் பாட்டுகளும் என்னைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பைக்கும் அவருடைய காதலியும், கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் அத்தனை பேர் முன்னால் சண்டையைப் பாட்டாகப் பாடுவது சிரிப்பு. ஆனால் கதையின் பூட்டு திறப்பது அங்கேதான். லாஆன் பாதுகாப்பு அதிகாரி இல்லையா, அவளுக்கு உடனே உறைத்துவிடுகிறது: இது வேடிக்கை இல்லை, ஆபத்து. எவன் எந்த ரகசியத்தை எப்போது பாடுவான் என்று சொல்ல முடியாது. இசை எபிசோடைப் பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றிய எழுத்தாளருக்குக் கை கொடுக்க வேண்டும்.

ஸ்போக்கின் காதலி நர்ஸ் சாப்பல் பாடும் பாட்டுக்கு வருகிறேன். நீ ‘பப்பில் கும்மாளம்’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாய். கும்மாளம்தான். மேஜை மேஜையாக நண்பர்கள் சேர்ந்து ஆடுகிறார்கள். அவளுக்கு டாக்டர் கோர்பியிடம் ஆராய்ச்சி செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. போகத் தயார் என்று குதித்துப் பாடுகிறாள். பாட்டின் துள்ளலில் அத்தனை பேரும் சிரிக்க, ஒரே ஒருவன் நடுவில் நிற்கிறான். ஸ்போக். காதல் முறிந்தது என்பதை அவன் தெரிந்துகொள்வது ஒரு கொண்டாட்டப் பாட்டில். சோகமான மெட்டில் சொல்லியிருந்தால் நமக்குப் பழக்கம். இப்படிச் சந்தோஷமாகச் சொன்னதுதான் கொடுமை. பதிலுக்கு ஸ்போக் பாடுவதில் ‘எக்ஸ்’ என்ற ஓர் எழுத்தை வைத்து விளையாடியிருக்கிறார்கள். கணக்கில் அது கண்டுபிடிக்க வேண்டிய மதிப்பு. பேச்சு வழக்கில் விட்டுப்போன காதலன். ஆங்கிலத்தில் மட்டுமே முளைக்கிற சிலேடை, ஆனால் காளமேகம் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்.

பழைய கதைக்கு முரண் என்று நீ சொல்வது மட்டும் சரியில்லை. இந்தத் தொடரின் கதை நடப்பது 1966 தொடரின் கதைக்கு முன்னால். அந்த 1966 தொடரிலேயே சாப்பலுக்கும் கோர்பிக்கும் நிச்சயமாகியிருந்தது என்று வருகிறது. அந்தப் பாட்டு அவளைத் தண்டவாளத்தில் ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது லாஆன். இதே சீசனின் மூன்றாவது எபிசோடில் அவள், பழைய தொடரின் கேப்டன் கிர்க் இருக்கிறானே, வேறொரு காலக்கோட்டைச் சேர்ந்த அவனோடு டொராண்டோவில் அலைந்தாள், அவனை நேசித்தாள், அவன் அவள் கண் முன்னால் செத்தான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. இந்தக் காலக்கோட்டின் கிர்க்குக்கு அவள் யாரென்றே சரியாகத் தெரியாது. அவன் இப்போது இதே கப்பலில் இருக்கிறான். அறையில் தனியாக நின்று அவள் பாடுகிற பாட்டைக் கேட்க ஒரு ஜீவன் கிடையாது. என் மகளின் அளவுகோலில் அது தோற்றுப்போக வேண்டிய பாட்டு. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்கிறாள் பார். நேராக கிர்க்கிடம் போய், எல்லாவற்றையும் பேச்சாகவே சொல்லிவிடுகிறாள். பாட்டு வந்து பிடுங்குவதற்கு முன்னால் தானே எடுத்து வைத்துவிடுகிறாள். அவனோ கண்ணியமாக, தனக்கு கேரல் என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்கிறான். அந்தக் காட்சியில் பின்னணி இசைகூட அடங்கித்தான் கிடக்கிறது. இசை எபிசோடின் உச்சக் காட்சியில் யாருமே பாடவில்லை, ரகு. சண்டை போடுகிற இரண்டு கட்சியும் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. எவன் குரல் சரியில்லை, எவன் ஆட்டம் சரியில்லை என்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

குரல் என்றதும் ஞாபகம் வருகிறது. மெஷினில் போட்டுத் தேய்த்த குரல்கள் என்று எழுதியிருந்தாய். முதல் தடவை நானும் அப்படித்தான் நினைத்தேன். உஹுராவாக வரும் சீலியா ரோஸ் குடிங் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் பாடி டோனி விருதுக்குப் பரிந்துரையானவர். அவருக்கு மெஷின் எதற்கு? ஆனாலும் அவர் இழுத்துப் பிடித்த ஸ்வரமெல்லாம் எனக்குத் தண்ணீருக்கடியில் ஆடுகிற மாதிரி நடுங்கிக் கேட்டது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. நடுங்கியது அவர் குரல் இல்லை, என் காதில் இருந்த மெஷின்.

ஆமாம். நாலு மாதமாகக் காது மெஷின் போட்டிருக்கிறேன்.

பேச்சுக்காகச் செட் பண்ணிய மெஷின் அது. நீளமாக ஒரே ஸ்வரம் வந்தால் அதைத் தன் விசில் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்குமாம். இசைக்கென்று தனியாக ஒரு செட்டிங் போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதே பாட்டைக் கேட்டேன். விபத்தில் அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரையும் இழந்த உஹுரா, மற்றவர்களை இணைத்து வைப்பதே தன் வேலை என்று பாடுகிறாள். கம்பி மாதிரி நின்றது குரல். (மற்ற சிலர் குரலில் மெஷின் வேலை இருக்கிறது என்று மகளும் சொல்கிறாள். அவள் காது நன்றாக இருக்கிறது. அதனால் உன் புகாரில் பாதி நிற்கும்.)

பதினோரு நாள் தள்ளிப்போட்டது இதைச் சொல்லத்தான். காது போக ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போனில் நீ சொல்வதில் ‘கல்’லா ‘பல்’லா என்று தெரியாது. சுற்றியுள்ள வார்த்தைகளை வைத்து ஊகித்து, “ம்... ம்...” என்று ஒப்பேற்றுவேன். உன் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று நீ சொன்னபோது “ரொம்ப சந்தோஷம்” என்றேனே, அன்றைக்கு எனக்குக் கேட்டது வேறு. நீ அப்படியே மௌனமாகிவிட்டாய். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது, என்ன என்பது புரியவில்லை. அதற்குப் பிறகுதான் நீ கூப்பிட்டால் எடுக்காமல் விட ஆரம்பித்தேன். ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொண்டு நீ கடிதத்துக்கு மாறினாய். காது கேட்கவில்லை என்று சொல்வதைவிட அது எனக்கு வசதியாக இருந்தது. உன்னை அப்படியே நினைக்க விட்டுவிட்டேன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எப்படி இருக்கிறாள்?

அந்த எபிசோட் 2024இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் கடைசிச் சுற்று வரை போய்த் தோற்றது. உனக்கு அதில் பாதி ஆறுதல் இருக்கும். இதற்கு முந்தைய எபிசோடைப் பார்க்காமல் நேராக இதற்குத் தாவியிருக்கிறாய் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. எட்டாவதைப் பார். கிளிங்கான் போரின் காயத்தை அப்படியே திறந்து காட்டுகிற கதை. அதைப் பார்த்த கையோடு, ஆடுகிற கிளிங்கான்களைப் பார்த்தால் உன் கோபம் இரண்டு மடங்காகும். அப்போது நானும் உன் கட்சிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. ஸ்பீக்கரில் போடாதே, நேராகப் பேசு. மின்விசிறியை அணைத்துவிடு, அதன் இரைச்சல்தான் எனக்கு முதலில் கேட்கிறது. ஏதாவது புரியவில்லை என்றால் “என்னது?” என்று கேட்பேன். மூன்று தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் சொல்.

அன்புடன்,
சிவா