எந்தத் திடல் நன்றாக இருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

எங்கள் புறநகர்ப் பகுதியின் பூங்காப் பிரிவு அலுவலர்களுக்கும் குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். புதிதாக விளையாட்டுத் திடல் கட்டித் தாருங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. இருக்கிற திடல்களில் எது நன்றாக இருக்கிறது, எது பழுதாகிக் கிடக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

குழந்தைக்கு ஓடியாட இடம் கிடைக்கும் என்று நம்பித்தான் பலரும் புறநகருக்குக் குடிவருகிறார்கள். வந்த பிறகு தேடினால் கிடைப்பது ஒரு பெயர்ப் பட்டியல், இல்லையென்றால் வரைபடத்தில் ஒரு பச்சைத் திட்டு. அந்தப் பச்சைக்குள் ஊஞ்சல் இருக்கிறதா, ஊஞ்சலில் பலகை இருக்கிறதா, கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். போனால் சில சமயம் அது மழைநீர் தேங்கும் வெறும் பள்ளம். சில சமயம் பெரியவர்களுக்கான நடைபாதையும், புல்லில் கால் வைக்காதே என்ற பலகையும் மட்டும். பூட்டிய கேட்டின் முன்னால் நின்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எங்கள் பாடு.

திடல் நல்லதா என்று பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சறுக்குமரத்தின் வண்ணத்தை. பார்க்க வேண்டியது அதன் அடியில் இருக்கும் தரையை. விளையாட்டுத் திடல்களில் ஏற்படும் காயங்களுக்கு முதல் காரணம் கீழே விழுவதுதான். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டியில், 9 அங்குல ஆழத்துக்கு மரச்சீவல் பரப்பினால் 10 அடி உயரம் வரையிலான கருவிக்குப் போதும். அதே ஆழத்துக்கு மணல் பரப்பினால் 4 அடிக்குத்தான் தாங்கும் என்று இருக்கிறது. கருவியைச் சுற்றி 6 அடிக்கு வேறெதுவும் இருக்கக் கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகமாக விட வேண்டும். கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தால், குழந்தையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் ஒவ்வொரு பெற்றோரும் அளவுநாடாவோடு போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இல்லையா?

நீங்கள் பார்க்கிறீர்கள், அல்லது பார்த்திருக்க வேண்டும். ஈஎன் 1176 என்ற ஐரோப்பியத் தரநிலை மூன்று விதமான சோதனைகளைச் சொல்கிறது: அடிக்கடி கண்ணால் பார்த்துவிட்டு வருவது, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்மானத்தைச் சோதிப்பது, ஆண்டுக்கொருமுறை முழுமையாக ஆராய்வது. அதே முறைதான் என்றில்லை, ஏதோ ஒரு பதிவேடு உங்களிடமும் இருக்கும். எங்களுக்கு வேண்டிய தகவல் அதில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் திறந்து வையுங்கள், கேட்பது அவ்வளவுதான். பதிவேடே இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்புறம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தகவல் என்று சொல்லும்போது பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே இடம் பொருந்தாது. அதனால் எந்த வயதுக்கு என்ன இருக்கிறது என்று வேண்டும். நிழல் எந்தப் பக்கம், எந்நேரம் விழுகிறது என்று வேண்டும். வெயிலில் காய்ந்த உலோகச் சறுக்குமரம் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும்கூட பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடும். வேலி, கழிப்பறை, குடிநீர் உண்டா? சக்கர நாற்காலி உள்ளே வருமா, அல்லது வாசலிலேயே ஒரு படி தடுக்குமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமலேயே ஒதுங்கிவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன. அறிவிப்புப் பலகையில் இடம் மிச்சம் இருந்தால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சறுக்க வேண்டாம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், பெரியவரின் எடையும் வேகமும் சேர்ந்து எலும்பை முறித்துவிடும்.

அடுத்து, போகிற வழி. நல்ல திடல் ஒன்று இருந்தும், நடுவே வேகமாக வண்டி ஓடும் சாலை குறுக்கிட்டால், அது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே நல்ல திடல். புறநகரில் இதுதான் பெரிய சிக்கல் என்பது என் எண்ணம். ஒரு பெரிய பூங்காவைத் திறந்துவைத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறோம். ஆம்ஸ்டர்டாம் நகரம் இதை வேறு விதமாக அணுகியது. 1947-இல் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் அங்கே ஒரு சிறு சதுக்கத்தில் மணற்குழியும் சில கம்பிகளும் வைத்து ஒரு திடல் அமைத்தார். அதைப் பார்த்த பிற தெருக்காரர்கள், எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். கட்டடங்களுக்கு இடையே கிடந்த காலி மனைகளிலும் தெருமுனைகளிலுமாக 1978-க்குள் 700-க்கும் மேல் உருவாகிவிட்டன. கடிதம் எழுதினால் பலன் உண்டு என்ற நம்பிக்கை எனக்கு அதிலிருந்து வந்ததுதான்.

சங்கப் பொறுப்பாளர்களே, உங்களிடமும் கொஞ்சம் பேச வேண்டும். பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் கூடாது, சத்தம் கூடாது என்று பலகை மாட்டிவிட்டு, பிள்ளைகள் எந்நேரமும் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கூட்டத்தில் வருத்தப்படுகிறீர்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தமே இல்லாமல் அது நடக்காது. ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான குழந்தையின் உரிமையை ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டு உடன்படிக்கை தன் 31-ஆவது பிரிவிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மதியத் தூக்கம் யாருக்கும் கெடாதபடி நேரம் வகுக்கலாம், சரி. முழுத் தடை வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது குறைவதை 1990-களில் வியன்னா நகரம் ஆய்வு செய்து கண்டுகொண்டது. பிறகு சில பூங்காக்களில் ஒரே பெரிய மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளைச் சீராக்கி மாற்றியமைத்தது. நம் திடல்களில் மாலையில் யார் விளையாடுகிறார்கள், யார் ஓரமாக நிற்கிறார்கள் என்று ஒருமுறை வந்து பாருங்கள்.

எல்லாத் திடல்களின் விவரமும் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் ஒவ்வொரு கேட்டிலும் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: திறக்கும் நேரம், எந்த வயதினருக்கு, கடைசியாகச் சோதித்த தேதி, பழுது என்றால் அழைக்க வேண்டிய எண். அந்த எண்ணை யாராவது எடுத்துப் பேசவும் வேண்டும். பழுதான கருவி எதுவென்றும், எப்போது சரியாகும் என்றும் ஒரு சீட்டு ஒட்டிவிட்டால், அன்றைக்கு நாங்கள் வேறு திடலுக்குப் போய்க்கொள்கிறோம். மற்ற விவரங்களைத் திரட்ட ஆள் போதாது என்றால் சொல்லுங்கள். ஆளுக்கொரு திடலாகப் பிரித்துக்கொண்டு எழுதித் தர இங்கே பெற்றோர் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பகுதிப் பெற்றோரில் ஒருவர்