பச்சைத் தொப்பி ஐயாவுக்கு

போன ஞாயிறு கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில், ஆலமரத்தடியில் நீர்வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தவளோடு கதைத்த பச்சைத் தொப்பி ஐயா, பெயர் கேட்க முதல் போய்விட்டீங்கள். மிக்க நன்றி.

எனக்கு ஓவியம் பொழுதுபோக்குத்தான். 1993இல் தொடங்கிய கலா பொல என்ற கொழும்பு ஓவியச் சந்தைக்குப் போனாலும் பார்ப்பதோடு சரி.

இலைகளை ஒவ்வொன்றாக வரையாமல், கண்ணைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சத் திரளையும் நிழல் திரளையும் பிரிக்கச் சொன்னீங்கள். கிளைகளுக்கிடையில் தெரியும் வானத்துக்குத் தாளின் வெள்ளையையே விட்டுவைக்கவும் சொன்னீங்கள். அடிமரத்துக்குக் கறுப்பு வேண்டாமாம். அல்ட்ராமரின் என்ற கடும் நீலமும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்மண்ணிறமும் கலந்தால் போதும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், மற்றது கூடினால் சூடான மண்ணிறம். ஈரம் குறைந்த தூரிகையைச் சொரசொரப்பான தாளில் படுக்கையாக இழுத்துக் காட்டினீங்களே, பட்டை அப்படியே வந்துவிட்டது! கொழும்புக் காற்றில் தாள் லேசில் காயாது; அந்த நேரத்தில் அடுத்த படத்துக்குப் பென்சில் கோடு போடலாம் என்றதும் நல்ல யோசனை. (நான் வடை சாப்பிட்டேன்.)

நேற்று அதே கலவையில் கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடை வாசலைத் தீட்டினேன். முச்சக்கர வண்டியின் நிழல் இப்போதுதான் தரையோடு ஒட்டி நிற்கிறது.

ஐயா, உங்கட தட்டைத் தூரிகை என்னிடம் இருக்கு. வாற ஞாயிறு காலை எட்டு மணிக்கு மாநகர சபைப் பக்கம் நிற்பேன். பிளேன்டீ என் கணக்கு.