துப்பாக்கியின் அசல் மேகசினை அராவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடகங்களுக்கும் பள்ளி விழாக்களுக்கும் மாதிரித் துப்பாக்கி செய்து தரும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கைவினைஞர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பழைய அசல் மேகசின், அதாவது துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டி, கிடைத்தால் அதை அராவி மாதிரியில் பொருத்திவிடலாம், பார்ப்பவருக்கு வேறுபாடே தெரியாது என்று அதில் ஒருவர் சொல்லியிருந்தார். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவராக, இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அசல் மேகசின் மாதிரிக்குள் நுழையாததற்குக் காரணம் எளிது. மரத்தில் செதுக்கினாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தாலும், உடையாமல் இருக்க மாதிரியின் சுவரைத் தடிமனாக விட வேண்டியிருக்கிறது. வெளித்தோற்றம் மாறக்கூடாது என்பதால் அந்தத் தடிமன் முழுவதும் உட்பக்கம் போய், மேகசின் நுழையும் வாய் குறுகிவிடுகிறது. உடனே அரம் எடுத்து அசலின் பக்கங்களையும், பின்புறம் கொக்கி மாட்டும் முனையையும் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது மெல்லிய உருக்குத் தகட்டை மடித்துச் செய்த பெட்டி. அந்த முனை போய்விட்டால் மாதிரியிலும் நிற்காது, பழம்பொருள் என்ற மதிப்பும் மிஞ்சாது.

நேதாஜி படை நாடகங்களில் வரும் பிரென் இயந்திரத் துப்பாக்கியையே பாருங்கள். பிரிட்டிஷாரிடம் கைப்பற்றிய அந்த ஆயுதத்துக்கு மேகசின் மேற்பக்கம் அமைந்திருக்கும். .303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால், 30 தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அடுக்கு தானாகவே வளைகிறது. மேகசினும் அதற்கேற்ப வளைந்திருக்கிறது. அந்த வளைவு சரியாக வந்துவிட்டால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறெதுவும் தேவையில்லை. மாம்பலகைக்குக் கிருஷ்ணகிரியில் பஞ்சமா? மாதிரியின் வாயை அளந்து, அதற்கேற்பப் பலகையைச் செதுக்கி, மேலே தகரம் போர்த்திக் கறுப்படித்தால் போதும்.

கட்டுரையில் சொல்லாமல் விட்டது சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதில் ஆயுதத்தின் பாகங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே, தோட்டா இல்லாத வெறும் மேகசின்தானே என்ற சமாதானம் காவல் நிலையத்தில் எடுபடும் என்று நம்பி இறங்கக் கூடாது. போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதற்கு உரிமம் வேண்டும் என்பதை அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு தனியாகவே கூறுகிறது. நாடகக்காரருக்கு அப்படியொரு எண்ணம் துளியும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுச் சாலையில் இரவு சோதனையின்போது, அசல் பாகம் மாட்டிய துப்பாக்கி ஒன்று பையிலிருந்து வெளியே வந்தால், அவருடைய எண்ணத்தை யார் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்?

தாத்தா காலத்துப் பாகம் எதுவும் வீட்டுப் பரணில் கிடந்தால், பட்டறைக்குக் கொண்டுபோகும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த இதழில் இந்த விவரத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். புகைப்படத்தைப் பார்த்து மேகசினுக்கு அளவெடுக்கும் முறையைத் தாங்கள் விரும்பினால் தனியே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர்,
காவேரிப்பட்டணம்.