மாணவர்களுக்கென்று விற்ற ஃப்ளை ஃபிஷிங் செட்: லைனை மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்: மாணவர் தூண்டில் குழுப் பொறுப்பாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: தொடக்கநிலை ஃப்ளை ஃபிஷிங் செட்டில் ராடுக்குப் பொருந்தாத லைன்

ஐயா,

வணக்கம். உங்கள் டர்பன் கடையில் ஒன்று 1,190 ரேண்ட் வீதம் ஆறு ஃப்ளை ஃபிஷிங் செட் (தூண்டில் கோலான ராட், லைனைச் சுற்றிவைக்கும் ரீல், லைன் எல்லாம் அடங்கியது) வாங்கினோம். பெற்றோர்கள் சேர்த்துக் கொடுத்த பணம். வாங்கும் முன்பே உங்கள் விற்பனையாளரிடம் விவரம் சொன்னேன்: பள்ளிப் பிள்ளைகள், ஃப்ளை ராடைத் தொட்டதே இல்லை, நாட்டிங்கம் ரோடு என்ற ஊர்ப் பக்கத்து அணைகளில் டிரவுட் மீன் பிடிக்கப் பழகப் போகிறார்கள். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார், பெட்டியைப் பிரிச்சா நேரா தண்ணிக்குப் போகலாம்" என்று அவர் தமிழிலேயே சொன்னார். அதனால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ராட் பற்றிக் குறை இல்லை. ஒன்பது அடி, 5-ஆம் எண் (எந்த எடை லைனுக்கு ஏற்றது என்று காட்டும் எண்). புதிதாகப் பழகுபவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு அதுதான். ரீலும் பளபளவென்று இருக்கிறது. கோளாறு லைனில்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் டர்பன் கடற்கரையில் தாத்தா, மாமாவோடு நின்று ஷேட் மீன் பிடித்தவர்கள். ஈயக்குண்டு கட்டி அலையைத் தாண்டி எறிவது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. (மீனைப் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விடவா இவ்வளவு செலவு என்று கேட்கும் தாத்தாக்களை நான் இன்னும் சமாளித்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை.) ஃப்ளை ஃபிஷிங்கில் குண்டு கிடையாது. இறகும் நூலும் சுற்றிய ஃப்ளைக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. லைனின் எடைதான் அதைக் கொண்டுபோய்ப் போடுகிறது. எனவே ராடின் எண்ணும் லைனின் எண்ணும் பொருந்தியே ஆக வேண்டும். 5-ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு.

உங்கள் பெட்டியின் மேல் 'முன்பக்கம் கனத்த, மிதக்கும் 5-ஆம் எண் லைன்' என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது இந்த நுனி முதல் அந்த நுனி வரை ஒரே தடிமன். 90 அடி லைன் முழுவதையும் சுருட்டிப் பள்ளி ஆய்வகத் தராசில் வைத்தேன், 17 கிராம். மூன்றில் ஒரு பங்கு 6 கிராமைக்கூடத் தொடவில்லை. 3-ஆம் எண் லைனுக்கே ஆறரை கிராம் வரும். இன்னொரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன், அதுவும் அதே கதைதான்.

தண்ணீர் ஓரத்தில் இது எப்படி இருக்கிறது தெரியுமா? ரீலிலிருந்து இழுத்தால் ஸ்பிரிங் மாதிரிச் சுருள் சுருளாக வருகிறது. நீவி விட்டாலும் மறுபடி சுருண்டுகொள்கிறது. வீசினால் ராட் வளைவதே இல்லை. லைன் காலடியில் குவிகிறது, நுனி தண்ணீரில் முங்குகிறது. "என் கைதான் சரியில்லை போல, சார்" என்று ஒரு மாணவி ராடைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். ஒரு நண்பரிடம் 5-ஆம் எண் லைன் கடன் வாங்கி, அதே ராடில் மாட்டி, அதே பிள்ளையிடம் கொடுத்தேன். இருபதடி தூரம்தான், ஆனால் லைன் நேராக விரிந்து போய் விழுந்தது.

லைனையும் ஃப்ளையையும் இணைக்கும், நுனி நோக்கி மெலிந்து வர வேண்டிய லீடருக்குப் பதிலாக ஒரே தடிமன் நைலான் துண்டு, வார்னிஷ் அடைத்த தூண்டில் முள் காது எல்லாம் இதோடு சேர்த்தி. அவற்றை நாங்களே சரிசெய்துகொள்வோம்.

இந்த விலைக்குப் பெரிய பிராண்டின் தரத்தை நாங்கள் கேட்கவில்லை. செலவைக் குறைப்பதென்றால் ரீலில் குறைத்திருக்கலாம். அணையில் பிடிபடும் சாதாரண டிரவுட்டுக்கு ரீல் பெரும்பாலும் லைனைச் சுற்றிவைக்கத்தான்; கையாலேயே லைனை இழுத்து மீனைக் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது ரீல் என்பதால் காசை அங்கே போட்டுவிட்டு, லைனில் கையை வைத்திருக்கிறீர்கள்.

கடையில் முறையிட்டபோது, லைன் நனைந்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது, வேண்டுமானால் கூப்பன் தருகிறோம் என்றார்கள். நனைக்காமல் மீன்பிடி லைனை எப்படிச் சோதிப்பது? அப்புறம் தொலைபேசியில் ஒருவர், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம்) 55(3) பிரிவின்படி, எதற்காக வாங்குகிறோம் என்று விற்பவரிடம் குறிப்பாகச் சொல்லியிருந்தால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 56-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள், உங்கள் செலவிலேயே, திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று சொல்ல வேண்டியது வாங்கியவர். கூப்பன் அந்தப் பட்டியலில் இல்லை.

பெட்டியில் அச்சடித்திருக்கும் அதே வகை லைன் ஆறு வேண்டும். அது முடியாதென்றால் ஆறு செட்டையும் எடுத்துக்கொண்டு 7,140 ரேண்டைத் திருப்பித் தாருங்கள். 15 வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகள் ஆம்புட்ஸ்மேனிடம் புகார் கொடுப்பேன். கடைத் தட்டில் இருக்கும் மற்றப் பெட்டிகளையும் பிரித்து எடைபோட்டுப் பாருங்கள்.

ரசீது நகல், பெட்டியின் படம், தராசில் லைன் இருக்கும் படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். ஜூலை விடுமுறைக்குப் பிள்ளைகளை அணைக்குக் கூட்டிப் போக வேண்டும். லைன் அதற்கு முன்பே எங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
மாணவர் தூண்டில் குழுப் பொறுப்பாளர்