இரண்டு வேலையில் எது என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை உன் குரலில் இருந்த தூக்கக் கலக்கம் மட்டும்தான் காதில் விழுந்தது. இரண்டாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது. இரண்டு மருத்துவமனைகளிலிருந்தும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றில் நர்ஸ்கள் சங்கம் உண்டு, மற்றதில் கிடையாது. சங்கம் இல்லாத இடத்தில் ஆரம்பச் சம்பளம் கொஞ்சம் கூடுதல். "சங்கத்தால நர்ஸுக்கு நிஜமாவே ஏதாவது பிரயோஜனம் இருக்காம்மா, இல்ல சந்தா பிடிக்கிறதோட சரியா?" என்று கேட்டிருந்தாய்.

போனில் பதில் சொன்னால் அப்பா நடுவில் புகுந்துவிடுவார். அவருக்குச் சங்கம் என்றால் கொடி, கோஷம், வேலைநிறுத்தம், அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 31 வருஷம் வார்டில் நின்றவள். முதல் 12 வருஷம் சங்கம் இல்லாத இடம், மீதி சங்கம் இருந்த இடம். அந்த முதல் இடத்தில் நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை.

ஒரு நைட் டூட்டி. வார்டில் 34 பேர், நாங்கள் இரண்டு பேர். மூன்றாவதாக வரவேண்டிய சிஸ்டரை ஐ.சி.யூ.வுக்கு இழுத்துக்கொண்டார்கள். விடியற்காலை மூன்று மணி வாக்கில் ஒரு ஆன்டிபயாடிக் ஊசியைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போட்டுவிட்டேன். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நானே டாக்டரை எழுப்பிச் சொன்னேன், நானே இன்சிடென்ட் ரிப்போர்ட்டும் எழுதினேன். மூன்றாம் நாள் விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான். படுக்கை எண்ணைச் சரிபார்த்தாயா இல்லையா என்ற ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அன்று ராத்திரி டூட்டியில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. சொன்னால் சாக்கு சொல்கிறாள் என்பார்களோ என்று பயம். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது.

அந்த வருஷம் சம்பள உயர்வு வரவில்லை. அதுகூடப் போகட்டும். அதற்கப்புறம் எங்கள் வார்டில் யாருமே இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதவில்லை. தவறே நடக்காத வார்டு என்று எங்களுக்குப் பாராட்டு வேறு வந்தது!

பிற்பாடு சேர்ந்த இடத்திலும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒன்று நடந்தது. என்னைவிட இளைய சிஸ்டர் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். ஆனால் அவள் தனியாகப் போகவில்லை. சங்கத்தின் சார்பில் ஆபரேஷன் தியேட்டர் சீனியர் நர்ஸ் ஒருவர் கூடப் போய் உட்கார்ந்தார். அவர் பெரிய பேச்சாளர் இல்லை. சத்தம் போடவும் இல்லை. "அந்த ராத்திரி டூட்டி சார்ட்டைக் கொஞ்சம் கொண்டு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். சார்ட் வந்தது. ஆள் பற்றாத கணக்கு எல்லார் கண் முன்னாலும் விரிந்து கிடந்தது. அவளுக்கு மெமோ கிடைத்தது, அதை மறைக்கமாட்டேன், தவறு தவறுதானே. ஆனால் கூடவே, நைட் டூட்டிக்குப் போட்ட ஆளை நடுராத்திரியில் வேறு வார்டுக்கு இழுக்கக் கூடாது என்று ஒரு உத்தரவும் வந்தது.

நீ கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த டூட்டி சார்ட்தான். சம்பளம் அப்புறம்தான்.

சரி, சம்பளத்துக்கும் வருகிறேன். சங்கம் உள்ள இடத்தில் பொதுவாகச் சம்பளம் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் பிரமாதமான வித்தியாசத்தை எதிர்பார்க்காதே. பக்கத்தில் சங்கம் உள்ள மருத்துவமனை ஒன்று சம்பளத்தை ஏற்றினால், சங்கம் இல்லாதவர்களும் ஏற்றத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஆள் போய்விடும், அல்லது அங்கேயும் சங்கம் வந்துவிடும். உனக்கு ஆரம்பத்திலேயே கூடுதலாகத் தருகிறேன் என்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முதல் மாதச் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காதே. ஐந்தாம் வருஷம் எவ்வளவு, பத்தாம் வருஷம் எவ்வளவு என்று கேள். சங்கம் உள்ள இடத்தில் அது அட்டவணையாக எழுதியிருக்கும். மற்ற இடத்தில் அது மேலதிகாரியின் மனசில் இருக்கும்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஐகனும் அவரோடு இருந்தவர்களும் செய்த ஆய்வு 2002இல் வந்தது. அறுவை சிகிச்சை வார்டில் ஒரு நர்ஸ் தலையில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். நர்ஸ்கள் சோர்ந்து நொந்துபோவதும் சேர்ந்தே கூடியது. அதைப் படித்தபோது எனக்கு அந்த 34 பேரும் கண் முன்னால் வந்தார்கள்.

இந்த எண்ணிக்கையை எழுத்தில் கொண்டுவந்ததில் நர்ஸ் சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கலிஃபோர்னியாவில் சங்கத்தின் பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1999இல் சட்டம் வந்து, 2004இல் நடைமுறையானது. ஐ.சி.யூ.வில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது. பொது மருத்துவ வார்டில் முதலில் ஆறு, பிறகு ஐந்து. அந்த ஐந்தை ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் தள்ளிப்போடப் பார்த்தார். நர்ஸ்கள் தெருவுக்கும் வந்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், ஜெயித்தார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000லேயே அரசு மருத்துவமனைகளில் இந்தக் கணக்கு வந்துவிட்டது, 2015இல் அதைச் சட்டமாகவே ஆக்கினார்கள். நியூயார்க்கில் 2023 ஜனவரியில் இரண்டு பெரிய மருத்துவமனைகளைச் சேர்ந்த சுமார் 7,000 நர்ஸ்கள் மூன்று நாள் வெளியே நின்றார்கள். முக்கியக் கோரிக்கை ஆள் பற்றாக்குறைதான். திரும்பி உள்ளே போனபோது கையில் இருந்த ஒப்பந்தத்தில், குறைந்த ஆளை வைத்து வேலை வாங்கினால் மருத்துவமனை பணம் கட்ட வேண்டிவரும், அது அந்த நர்ஸ்களுக்கே போகும் என்று வழி செய்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஷரத்து இது. ஆளைக் குறைத்தால் லாபம் என்ற கணக்கையே அது கெடுத்துவிடுகிறது.

நோயாளிக்கு இதனால் நன்மையா என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். கலிஃபோர்னியாவில் மைக்கேல் ஆஷ், ஜீன் ஆன் சீகோ இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நர்ஸ் சங்கம் உள்ள மருத்துவமனைகளில் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பு 5.5 சதவீதம் குறைவாக இருந்தது. நோயாளிகளின் நிலை, மருத்துவமனையின் தன்மை எல்லாவற்றையும் கழித்த பிறகு வந்த கணக்கு அது. இருந்தாலும், சங்கம் வந்ததால் மருத்துவமனை நன்றாக ஆனதா, நல்ல மருத்துவமனையில்தான் சங்கம் தங்குகிறதா என்பதை முழுசாகப் பிரித்துவிட முடியாது. அதனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு சண்டைக்குப் போகாதே.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் 1984 முதல் 2004 வரை நடந்த நர்ஸ் வேலைநிறுத்தங்களை ஜோனதன் க்ரூபரும் சாமுவேல் க்ளைனரும் ஆராய்ந்தார்கள். வேலைநிறுத்த நாட்களில் சேர்ந்த நோயாளிகளிடையே மருத்துவமனை இறப்பு சுமார் 18 சதவீதம் கூடியிருந்தது. தற்காலிகமாக வேறு நர்ஸ்களை வரவழைத்த இடங்களிலும் நிலைமை மேலாக இல்லை. இதைச் சொல்லாமல் சங்கத்தைப் புகழ்ந்தால் நான் நர்ஸே இல்லை.

நானும் இரண்டு நாள் வெளியே நின்றிருக்கிறேன். ஐ.சி.யூ.வுக்கும் எமர்ஜென்சிக்கும் ஆள் விட்டுவிட்டுத்தான் வந்தோம். ஆனாலும் என் நினைப்பெல்லாம் 11ஆம் படுக்கைப் பெரியவர் மேல்தான். கட்டுப் பிரிக்க என்னைத் தவிர யாரையும் விடமாட்டார். திரும்பிப் போனபோது அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் "வந்தாச்சா?" என்றார். நாங்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற நர்ஸ்கள் அமைப்பு 1916இல் தொடங்கியது. வேலைநிறுத்தமே கூடாது என்று வெகுகாலம் அவர்கள் விதியிலேயே வைத்திருந்தார்கள். 1995இல்தான் அதை எடுத்தார்கள். அப்படியும் 2019 டிசம்பர் வரை ஒரு தடவைகூட இறங்கவில்லை. அந்த மாதம் வட அயர்லாந்தில் சம்பளத்துக்காகவும் ஆள் பற்றாக்குறைக்காகவும் இறங்கினார்கள். 103 வருஷம்! நர்ஸ்கள் ஆசைப்பட்டு வெளியே போவதில்லை என்று அப்பாவிடம் சொல்.

எனக்கும் சங்கத்தின் மேல் தீராத மனத்தாங்கல் ஒன்று உண்டு. நைட் டூட்டியில் தூங்குகிற ஒருத்தியை எங்கள் சங்கம் மூன்று தடவை காப்பாற்றியது. மூன்று தடவையும் அவள் நோயாளிகளைப் பார்த்தது நான். அப்புறம் சீனியாரிட்டி. நல்ல ஷிப்ட், பண்டிகை லீவ் எல்லாம் பழைய ஆட்களுக்குத்தான். நீ புதுசாகப் போகிறவள், முதல் இரண்டு வருஷம் மிச்சம் மீதிதான் உனக்கு. தகுதிகாண் காலத்தில் சங்கம் உனக்காகச் செய்யக்கூடியதும் பல இடங்களில் கொஞ்சம்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்.

இன்னொன்று. சங்கம் உள்ள இடத்து நர்ஸ்கள் அதிகம் குறை சொல்வார்கள். அமெரிக்காவில் எடுத்த சில கணக்கெடுப்புகளிலும் அவர்களுடைய வேலைத் திருப்தி குறைவாகத்தான் வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எங்கள் பழைய வார்டில் குறையே கிடையாது, சொன்னேனே.

எனக்கு மனசு சங்கம் உள்ள இடத்தின் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை. அவர்களுடைய ஒப்பந்தத்தை வாங்கிப் படி. ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளி என்று எண் போட்டு எழுதியிருக்கிறதா, அதை மீறினால் என்ன ஆகும் என்று எழுதியிருக்கிறதா என்று பார். "போதுமான ஆட்கள்" என்று எழுதியிருந்தால் ஒன்றும் எழுதவில்லை என்று அர்த்தம். கட்டாய டபுள் டூட்டி உண்டா, தெரியாத வார்டுக்கு அனுப்புவார்களா, விசாரணைக்குப் போனால் கூட யாரை அழைத்துப் போகலாம், இதையெல்லாம் தேடு. எதுவும் இல்லாமல் சந்தாவும் தலைவர்களின் போட்டோவும் மட்டும் இருந்தால், கூடுதல் சம்பளம் தருகிற இடத்துக்கே போய்விடு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எச்.ஆரில் கேட்காதே, எல்லா இடத்திலும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். காலையில் ஷிப்ட் மாறுகிற நேரம் இரண்டு இடத்துக்கும் போய் வாசலில் நில். நைட் முடிந்து வருகிற யாராவது ஒருத்தியிடம், "நேத்து உங்களுக்கு எத்தனை பேஷன்ட், சிஸ்டர்?" என்று கேள். நம்ம ஆட்கள் இதற்குப் பொய் சொல்லமாட்டார்கள். பொய் சொல்லத் தெம்பும் இருக்காது.

ஒப்பந்தப் பிரதி கிடைத்தால் எனக்கும் அனுப்பு. கண்ணாடி மாற்றிவிட்டேன், பொடி எழுத்தும் இப்போது தெரிகிறது. படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன். நீ எப்போது தூங்கி எழுவாய் என்று மட்டும் சொல், அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா