தம்பி, நீ கேட்ட வரிசை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்டியாகிவிட்டது, அதற்கென்று நீ எதுவும் அனுப்ப வேண்டாம். அத்தை வீட்டு விஷயம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது. நேரில் பேசிக்கொள்ளலாம்.

பொங்கலன்று பேசும்போது நீ ஒன்று கேட்டாய். இதுவரைக்கும் விளையாடினதிலேயே ரொம்பப் பிடித்த அஞ்சு கேம் எது, வரிசையாகச் சொல்லு, ஏன் பிடிக்கும் என்றும் சொல்லு என்றாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். ஃபோனில் சொல்லலாமென்றால் ரிங் போய்க்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீ பாதியோடு விட்டுவிடுவாய். அதனால்தான் மெயில். முழுசாகப் படி.

முதலில் எது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். ரோடு ராஷ் இல்லை, அக்கா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. சங்கிலியால் அடுத்த வண்டிக்காரனை அடிப்பதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் எனக்கு என்றைக்கும் வரவில்லை. வைஸ் சிட்டியும் இல்லை. நம் பிரௌசிங் சென்டரின் கரண்ட் பில்லைக் கட்டியதே அதுதான், மறுக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் அதற்காகத்தான் வாசலில் நின்றார்கள். ஆனால் கல்லா நிறைவது வேறு, மனசுக்குப் பிடிப்பது வேறு.

முதல் இடம் டெட்ரிஸ்தான், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி வரிசையை நிரப்பும் அந்த கேம். நிரம்பிய வரிசை கரைந்துவிடும். கடைமுகத் திருவிழாவில் உனக்கென்று வாங்கிய பிரிக் கேமை, கையில் வைத்து ஆடும் அந்தச் சின்ன டெட்ரிஸ் பொம்மையை, நான்தான் அதிகம் விளையாடினேன், உனக்கே தெரியும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 என்ற கணினியில் படம் காட்டும் வசதியே கிடையாது, வெறும் எழுத்துக்குறிகளை வைத்தே கட்டங்களைக் காட்டினார். கதை இல்லை, எதிரி இல்லை, ஏழே வடிவங்கள். நாற்பது வருஷமாக உலகம் முழுக்க விளையாடுகிறது.

எனக்கு அதில் பிடித்தது என்ன தெரியுமா? குழி விழுந்த பிறகு நடப்பது. எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் ஒரு கட்டை தப்பாக உட்கார்ந்து, அடியில் ஒரு குழி மூடிக்கொள்ளும். புதிதாக விளையாடுகிறவர்கள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் மேலே மளமளவென்று ஏறிவிடும். விளையாடத் தெரிந்தவர்கள் அந்தக் குழியை அப்போதைக்கு விட்டுவிட்டு, அதன் மேலே இருக்கிற வரிசையை நிரப்பிக் கரைப்பார்கள். ஒன்று கரையும், இன்னொன்று கரையும், குழி தானாகத் திறந்துகொள்ளும். அப்புறம் அதில் கட்டையை இறக்கலாம். இதை நீ ஆறாம் வகுப்பிலேயே கண்டுபிடித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் பழைய நின்டெண்டோ டெட்ரிஸை 157-ஆம் லெவல் வரை கொண்டுபோய், அதற்கு மேல் ஓட முடியாமல் கேமையே நிற்க வைத்தான். மனிதர்களில் அவன்தான் முதல் ஆள். அந்த மாதம்தான் அவனுடைய அப்பா இறந்திருந்தார். அந்த ஆட்டத்தை அப்பாவுக்கே சமர்ப்பித்தான். அந்த வீடியோவை உனக்கு அனுப்பினேன். நீ பார்த்ததாக இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. வேலையாக இருந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். ஃபோனை எடுத்து "நல்லா இருக்கேம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் தம்பி? அப்பா வாயைத் திறந்து கேட்க மாட்டார். ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவும்போது "பேசினானா?" என்பார், அவ்வளவுதான்.

சரி. இரண்டாவது பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989-ல் வந்தது. இப்போது வரும் பளபளப்பானதைச் சொல்லவில்லை, அந்தப் பழைய கேமைத்தான் சொல்கிறேன். ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞன் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்தான். தன் தம்பிக்கு வெள்ளை உடுப்புப் போட்டு ஓட வைத்து, குதிக்க வைத்து, வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு படமாகப் பார்த்து வரைந்தான். இசை போட்டுக் கொடுத்தது அவனுடைய அப்பா. ஒரு வீடே சேர்ந்து செய்த கேம். அதனால்தான் அந்த இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது நம் கையே வலிக்கிறது.

அறுபது நிமிஷம்தான் கணக்கு, அதற்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த நிழலைப் பற்றி. நடுவில் ஒரு கண்ணாடி வரும், அதற்குள் பாய்ந்தால்தான் மேலே போக முடியும். பாய்ந்ததும் இவனைப் போலவே ஒருத்தன் மறுபக்கம் வெளியே வந்து ஓடிப்போவான். அதற்கப்புறம் அவன் செய்வதெல்லாம் கெடுதல்தான். இவன் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிடுவான், கதவை முகத்துக்கு நேராக மூடுவான். கடைசிக்குப் பக்கத்தில் இருவரும் கத்தியோடு நேருக்கு நேர் நிற்பார்கள். நீ ஓங்கிக் குத்துவாய், அவனுக்குப் பட்ட அடி உனக்கும் விழும், உன் உயிரும் ஒன்று குறையும். எத்தனை தடவை அப்படிச் செத்தோம்! கத்தியை உறையில் போட்டுவிட வேண்டும். போட்டால் அவனும் போட்டுவிடுவான். அப்படியே அவனை நோக்கி நடந்துபோனால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு இடது பக்கம் ஓடு, முன்பு வெறும் பள்ளமாக இருந்த இடத்தில் காலடிக்குக் கீழே தரை ஒவ்வொரு துண்டாக வந்து நிற்கும்.

இதை ஒரு கேமில் வைக்க அந்த வயதில் ஒருத்தனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. நீ எதற்கெடுத்தாலும் உன்னையே நொந்துகொள்கிற ஆள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பத்தாம் வகுப்புக் கணக்கில் மூன்று மதிப்பெண் போனதற்கு நீ சாப்பிடாமல் இருந்ததை நான் மறக்கவில்லை. இப்போதாவது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பருப்புப் பொடி தீர்ந்திருக்கும். அனுப்பி வைக்கட்டுமா?

மூன்றாவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஆட்களை வேலைக்கு வைத்து ராஜ்ஜியம் கட்டிப் போர் செய்கிற கேம். இது ஏன் முதலில் இல்லை என்று சண்டைக்கு வருவாய். சென்டரில் லேன் போட்டு, அதாவது கம்ப்யூட்டர்களைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைத்து, நாம் ஆடிய ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் எடுத்தால் இதுதான் முதலில் வர வேண்டும். ஒன்பதாவது படிக்கும்போது நீயே கேபிளுக்குக் கிரிம்ப் அடித்து, எல்லா மெஷினையும் ஹப்பில் சேர்த்தாய். வெளியிலிருந்து வந்த ஆள் செய்து தராமல் போனதை நீ அரை நாளில் முடித்தாய். அதை நான் இன்றைக்கும் ஊரில் எல்லோரிடமும் சொல்கிறேன்.

1999-ல் வந்த கேம், இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022-ல் திராவிடர்களை ஆடத் தனி நாட்டாராகச் சேர்த்தார்கள், ராஜேந்திர சோழன் கதையையும் வைத்தார்கள். நீ வாங்கிக் கொடுத்ததும் அன்றைக்கே போட்டேன். ஆட்களைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள்! உருமி வீசுகிற வீரன் இருக்கிறான், திரிசடை என்று ஒரு கப்பல் இருக்கிறது. குதிரைப் படையில் மட்டும் நமக்குப் பலம் போதாது, நைட் என்கிற கவசக் குதிரை வீரன் கிடையாது. அதற்காக எதிரியை வாசலுக்கு வர விட்டுவிடாமல் கடலில் முந்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் எனக்கு அந்த கேமில் ரொம்பப் பிடித்தது ஒரு சின்னப் பொத்தான். வரைபடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வேலை இல்லாமல் நிற்கிற ஆள் யாராவது இருந்தால் அதை அழுத்தியதும் நேரே அவனிடம் கொண்டுபோய் நிறுத்தும். போய்ப் பார்த்தால் அவன் காலி இடத்தில் தனியாக நின்றுகொண்டிருப்பான். சோம்பேறித்தனத்தால் நிற்கவில்லை. அவன் வெட்டிக்கொண்டிருந்த தங்கச் சுரங்கம் தீர்ந்துபோயிருக்கும். கடைசித் துண்டு வரைக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நிற்பான். நல்ல ஆட்டக்காரர்கள் அவன்மேல் கோபப்பட மாட்டார்கள். அவன் குறை அதில் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மரம் இருக்கிறதா, வயல் போடலாமா என்று பார்ப்பார்கள். அப்படி ஒருத்தன் நிற்கிறான் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் போனால்தான் கஷ்டம்.

நாலாவது கான்ட்ரா, இரண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே முன்னேறும் கேம். இதைப் பற்றி ஊரே எழுதிவிட்டது, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பொத்தான்களை வரிசையாக அழுத்தி முப்பது உயிர் வாங்கும் அந்த மேலே மேலே கீழே கீழே ரகசியம், கோனாமி என்ற கேம் கம்பெனியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ கண்டுபிடித்தது. 1986-ல் கிராடியஸ் கேமைச் சோதிக்கும்போது அவருக்கே அது ரொம்பக் கடினமாக இருந்ததாம், அதனால் தனக்காக வைத்துக்கொண்டார். செய்தவருக்கே முடியவில்லை என்றால் நாம் உதவி வாங்குவதில் வெட்கம் என்ன இருக்கிறது? அப்புறம் அந்த அருவி லெவல். நீயும் அக்காவும் சேர்ந்து ஆடும்போது அவள் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுவாள், திரை அவளோடு போய்விடும், கீழே நிற்கிற நீ செத்துப்போவாய். "ஏறாதே, நில்லு" என்று கத்துவாய். நின்றாள், இல்லையா? இன்றைக்குச் சொன்னாலும் நிற்பாள். கோயம்புத்தூரில்தான் இருக்கிறாள், அவள் நம்பர் மாறவில்லை.

அஞ்சாவது ஸ்டார்டியூ வேலி, கிராமத்தில் பண்ணை வைத்துப் பிழைக்கிற கேம். உன்னிடம் சொல்லவில்லை, ஆனியிலிருந்து விளையாடுகிறேன். நீ விட்டுப்போன லேப்டாப்பில்தான். கேம் வாங்கும் ஸ்டீமில் நீ வைத்துக்கொடுத்த கணக்கு அப்படியே இருக்கிறது. நண்பர்கள் இப்போது எதை ஆடுகிறார்கள் என்றும் அதில் தெரியும். உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் இந்த கேமின் பெயர் வரும். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பிள்ளை இவ்வளவு நேரம் எதை விளையாடுகிறான் என்று பார்ப்போமே என்றுதான்.

ஆரம்பமே என்னை உலுக்கிவிட்டது. சாகப்போகிற தாத்தா ஒரு கடிதத்தைக் கொடுத்து, வாழ்க்கை உன்னை நசுக்குகிற நாளில் திற என்கிறார். பேரன் ஜோஜா கம்பெனியில் வரிசை வரிசையான மேஜைகளில் ஒன்றில் உட்கார்ந்திருக்கும்போது அதைத் திறக்கிறான். செய்தவனைப் பற்றித் தேடிப் படித்தேன். எரிக் பரோன். 2011-ல் கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்தான், வேலை கிடைக்கவில்லை. கையைப் பழக்கிக்கொள்வோம் என்று இதை ஆரம்பித்தான். படம், இசை, எழுத்து எல்லாம் அவனே, நாலு வருஷத்துக்கு மேல். நடுவில் ஒரு தியேட்டரில் ஆட்களை உட்காரவைக்கும் வேலையும் பார்த்திருக்கிறான். கூட இருந்த பெண் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டாள். 2016-ல் வெளியிட்டான், இதுவரை 4 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. விற்றதற்காகச் சொல்லவில்லை. அந்த நாலு வருஷமும் அவன் வீட்டில்தான் இருந்தான், அவனைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது. அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த கேமில் ராத்திரி இரண்டு மணி வரைக்கும்தான் விழித்திருக்க விடுகிறார்கள். அதற்கு மேல் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுவான், காசும் போகும், மறுநாள் தெம்பும் குறையும். ஆனால் உன் பெயர் அங்கே ராத்திரி மூன்றரைக்கும் பச்சையாக இருக்கிறது. இங்கே ராத்திரி எட்டரை, அங்கே பகல் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, அப்போதும் பச்சையாகத்தான் இருக்கிறது. நான் எதுவும் கேட்கவில்லை தம்பி. லீவு போட்டிருப்பாய். தூங்கு. எதுவாக இருந்தாலும் தூங்கு. பணம் மட்டும் இந்த மாதம் அனுப்பாதே, ஒன்றாம் தேதி ஆனதும் பழக்கத்தில் அனுப்பிவிடாதே. இங்கே சாப்பாட்டுக்கு நெல் இருக்கிறது, அப்பாவின் பென்ஷன் வருகிறது, மாடி வாடகை வருகிறது. நீ அனுப்பிய எதையும் நாங்கள் செலவழிக்கவில்லை, உன் பெயரில்தான் போட்டு வைத்திருக்கிறோம். டிக்கெட் எடுக்க வேண்டுமென்றாலும் அதில் எடுக்கலாம். உன் அறையை யாருக்கும் விடவில்லை.

ஸ்டார்டியூவை அஞ்சாவதாக வைத்ததற்குக் காரணம், இன்னும் முடிக்கவில்லை. தனியாக ஆடினால் எனக்கு மீன் பிடிக்க வரவில்லை, அந்தப் பச்சைப் பட்டையை மீனோடு நிறுத்தவே முடியவில்லை. சேர்ந்து ஆடலாம் என்று படித்தேன். உன் பண்ணையில் அந்த ஊர்த் தச்சர் ராபினிடம் சொல்லி ஒரு கேபின் கட்டிவிட்டால் நான் வந்து இருந்துகொள்ளலாமாம். கட்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கோழிக்குத் தீனி போடுவது எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், மீனை நீ பிடி. மைக் போட வேண்டாம். பேசத் தோன்றினால் பேசலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

நாளை இங்கே எட்டரைக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்திருப்பேன். அழைப்பு எப்படி வரும், எதை அழுத்த வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே ஒரு வரி போடு. எனக்கு அந்த இடம் இன்னும் பிடிபடவில்லை.

அன்புடன்,
அம்மா